அச்சுகளுக்குப் பெயர் இல்லை

இரவு பதினொன்றுக்கு மேல்
எடைமேடையில் லாரிகள் குறையும்.
அப்போதுதான் என் பல்கலைக்கழகம் திறக்கும்:
காலடியில் ஹீட்டர்,
கைப்பேசி சாய்ந்து நிற்கச் சர்க்கரை டப்பா,
ஒரு காதில் மட்டும் இயர்போன்.
இன்னொரு காது கம்பெனிக்கு.

பேராசிரியர் ஒபாந்தோ இருப்பது வால்திவியாவில்,
தெற்கே இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
அவர் திட்ட விலக்கம் விளக்கும்போது
பின்னால் மழை பெய்கிறது.
பதிவு செய்து மூன்று வருடமாகிறதாம்.
அந்தப் பழைய மழையை
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி கேட்டிருக்கிறேன்.
பாடத்துக்காக என்றால் பாதிப் பொய்.
இங்கே தாராபாக்காவில் என் மகளுக்கு ஒன்பது வயது,
குடை பிடித்ததில்லை.

"பட்டம் வாங்கி என்ன பண்ணப்போகிறாய்?"
மேற்பார்வையாளர் எலியுதேரியோ கேட்டார்.
எண்ணப்போகிறேன் என்றேன்.
"இப்போதும் அதைத்தானே பண்ணுகிறாய்."

நாலாவது பருவம், புள்ளியியல், ஒப்படைப்பு மூன்று:
உங்களைச் சுற்றியுள்ள தரவு எதையாவது எடுத்துக்கொள்க.
சிலர் பேருந்து வரும் நேரத்தை எடுத்தார்கள்.
புன்தா அரேனாசில் ஒரு செவிலி காய்ச்சலை எடுத்தாள்.
என்னைச் சுற்றி உப்பு.
உப்பு, உப்பு ஏறிய லாரி, லாரி ஏறிய எடை.

ஒரே லாரி. ஒரே டிரைவர்.
வாளிக் கணக்கும் ஒன்றே, பதினாலு.
எட்டு மாதச் சீட்டுகளைத் தட்டி முடித்தேன்.
புள்ளிகள் மேசை மாதிரிச் சமமாகப் போய்
மார்ச் ஒன்பதில்
ஒரு படி இறங்கின.
முந்நூற்று நாற்பது கிலோ.
அப்புறம் அங்கேயே சமமாக,
வெட்கமில்லாமல்.

அன்று காலைதான்
மேடையைச் சரிபார்த்துப்
பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
நான்தான் தேநீர் கொடுத்தேன்.

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நொல்பெர்த்தோ
ஏப்ரலிலேயே சொன்னான்:
"உப்பு இளைச்சுப்போச்சு, யாஸ்னா."
சிரித்தேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
பத்தாம் வகுப்பு தாண்டாதவன்,
வரைபடம் எதுவும் இல்லாமலே சொல்லியிருக்கிறான்.

அனுப்பும்போது
கீழே இருந்த 'தேதி'யை அழித்தேன்.
பக்கவாட்டில் இருந்த 'கிலோ'வை அழித்தேன்.
எங்கே, எது, யாருடையது, எதுவும் தெரியாமல்
ஒரு கோடு, ஒரு படி, ஒரு கோடு.
இந்தச் சம்பளம்தான் கல்விக் கட்டணம் கட்டுகிறது
என்று காரணம் வைத்திருந்தேன்.
பயம் என்றும் சொல்லலாம்.

பதினோரு நாள் கழித்து மதிப்பெண்:
ஏழுக்கு நாலு புள்ளி இரண்டு.
கூடவே சிறு குறிப்பு.
"கண்டது நன்று. அச்சுகளுக்குப் பெயர் இல்லை.
ஞாயிறு நள்ளிரவுக்குள் திருத்தி அனுப்பலாம்."

அச்சு என்றால் பதினாறு வருடமாக எனக்கு
லாரியின் அடியில் கிடப்பது.
சுமையெல்லாம் அதன்மேல்.
முறிந்தால் நடுவழி.
காகிதத்திலும் அதற்கு அதே வேலைதான் போலிருக்கிறது.

ஞாயிறு.
கமஞ்சாக்கா மூடுபனி விளக்குக்கம்பம் வரை வந்துவிட்டது.
சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை.
தேதி என்று எழுதினேன்.
கிலோ என்று எழுதினேன்.
படிக்கு நேரே சின்னதாக ஓர் அம்பு:
மார்ச் 9, பச்சை ஒட்டுத்தாள்.
அனுப்பு.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பதினொன்று ஐம்பத்தாறுக்கு நின்றது.

அலுவலக பிரிண்டரில் மை தீரும் தறுவாய்.
ஒரு பிரதிக்கு வந்தது.

நொல்பெர்த்தோ மேடையேறினான்.
முன் அச்சு. பின் அச்சு.
எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன.
சீட்டோடு மடித்துக் கொடுத்தேன்.
"என்ன இது? கையெழுத்துப் போடணுமா?"
"வீட்டுப்பாடம்."

கேபின் விளக்கைப் போட்டான்.
விரல் கோட்டின்மேல் மெல்ல நகர்ந்து
அந்தப் படியில் வந்து நின்றது.
இஞ்சினை அணைத்தான்.