நெற்றிகளின் டிசம்பர்

எட்டு மாதமாய் நான் பார்ப்பது
நெற்றிகளை மட்டும்.

யீஷூன் பேரங்காடி, வடக்கு வாசல்.
தரையில் ஒட்டிய மஞ்சள் பாதங்கள்.
என் கையில் ஒரு வெள்ளைத் துப்பாக்கி.
புருவங்களுக்கு நடுவே குறி வைக்கிறேன்.
யாரும் பயப்படுவதில்லை,
திருநீறு வாங்க வந்தவர்கள்போல்
தலையைக் கொஞ்சம் நீட்டித் தருகிறார்கள்.

முப்பத்தாறு புள்ளி நான்கு.
நன்றி. அடுத்தவர்.

தலையெழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பார்கள்.
நான் மணிக்கு முந்நூறு படிக்கிறேன்.
எல்லாம் ஏறக்குறைய ஒரே எழுத்து,
புள்ளிக்குப் பின்னால்தான் ஆளுக்கொரு விதம்.

போன டிசம்பரில் இந்நேரம்
ஓட்டல் விருந்துக்கூடத்தில்
நானூற்றிருபது தட்டு அடுக்கினேன்.
துணியை அன்னப்பறவையாய் மடிக்கத் தெரிந்த விரல்களுக்கு
இப்போது ஒரு விசை போதும்.

துடோங்கின் ஓரத்தை அரை விரல் உயர்த்தும் ஆசிரியை.
கவசத்துக்குள்ளிருந்தே ஊதி
முன்முடியை விலக்கப் பார்த்துத் தோற்கும் பையன்.
மழையில் நனைந்து வருகிறவர்கள் எல்லாம்
முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.
“செத்துட்டீங்க அங்கிள், துடைச்சிட்டு வாங்க”
என்பாள் ஹஸ்னா. அவர்களும் சிரிப்பார்கள்,
கண்ணோரச் சுருக்கம் சொல்லும்.

பத்தரைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார்.
நாள் சம்பளம். பெயர் குவெக்.
தாடிக்கு மேல் கவசம்.
குல்லாயைத் தூக்கினார்,
நெற்றியில் எலாஸ்டிக் தடம்.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
“உடுப்புச் சூடு” என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
அவரை உட்கார வைத்தார்கள்.
பிள்ளைகள் ஒரு மீட்டர் தள்ளி நின்று
வேண்டியதைக் கத்திச் சொல்ல வேண்டும்.
எல்லார் ஆசையும் எல்லார் காதிலும் விழுந்தது.
ஒருவனுக்கு லெகோ.
ஒருத்திக்கு, வகுப்பில்
மேசைகள் மறுபடி ஒட்டியிருக்க வேண்டும்.

என் அறைக்காரம்மா ஃபெலிசியா
சூஜி கேக்குக்கு வெண்ணெய் குழைத்தபடி
கணக்குப் போடுகிறார்.
வீட்டுக்கு ஐந்து விருந்தாளிதான்.
மூத்தவன் குடும்பம் மதியத்துக்கு,
நடுவுள்ளவன் தேநீருக்கு,
சின்ன மருமகள் கோபித்துக்கொண்டால் இரவுக்கு.
இருபத்தெட்டாம் தேதியிலிருந்து எட்டுப் பேர் வரலாமாம்,
கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள்.

கடைக்குள் ஒலிபெருக்கி பாடுகிறது நாள் முழுக்க.
கோயிலில் நாங்கள் பாடக் கூடாது.
திருப்பலிக்கு முன்பதிவு:
இருபத்துநான்கு இரவு, நிறைந்துவிட்டது.
இருபத்தைந்து காலை ஏழு, இடம் உண்டு.
எத்தனை பேர் என்று கேட்டது போன்.
ஒன்று என்று அழுத்தினேன்.
உறுதியா என்று மறுபடி கேட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மாசாய்.
முன்பு இரண்டு பேருந்து, ஒரு முத்திரை.
இப்போது பதினான்கு நாள் அடைப்பு,
மூக்குக்குள் குச்சி,
என்னிடம் இல்லாத விடுப்பு.

மதிய இடைவேளை. தீயணைப்புப் படிக்கட்டு.
திரையில் ஜோவிதா, முன்பல் பாதி முளைத்திருக்கிறது.
பழையது விழுந்ததை நான் பார்க்கவில்லை.
“அம்மா, என்னையும் சுடு.”
நெற்றியைக் கேமராவில் அழுத்திக்கொண்டாள்.
திரை முழுக்க இருட்டு,
ஓரத்தில் கொஞ்சம் முடி.

நான் குறி வைத்து அழுத்தினேன்.
எண் வரவில்லை.
‘லோ’ என்று காட்டியது கருவி.

“எவ்ளோம்மா?”

முப்பத்தாறு புள்ளி நான்கு, என்றேன்.

“அப்போ நான் உள்ள வரலாமா?”

லூர்துநாதன் போனை வாங்கிக்கொண்டான்.
நாலு நாளாய் துணி காயவில்லை,
ஒரே மழை என்றான்.
இங்கேயும், என்றேன்.