பதினொன்று நாற்பது

செக்காலை ரோட்டில் மாவு மில்லுக்கு மேல்
எங்கள் பங்குத் தரகு அலுவலகம்.
திரையில் எண்கள் ஓடும்போது
காலடியில் அரிசி அரைபடும்.
சந்தை எவ்வளவு இறங்கினாலும்
மேசையில் வெள்ளைத் தூசு அதே அளவுதான்.

அந்த மார்ச்சில்
போனைக் கீழே வைக்க விடவில்லை.
கானாடுகாத்தானிலிருந்து அடைக்கப்பன்,
"எல்லாத்தையும் தள்ளிவிடு, தம்பி."
தள்ளிவிட்டேன்.
பள்ளத்தூர் மருந்துக்கடைக்காரருக்கும்.
கோட்டையூர் சகோதரர்களில் ஒருவர் விற்கச் சொன்ன
அதே நிமிடம் மற்றவர் வாங்கச் சொன்னார்.
பதினொன்று நாற்பதுக்கு
என்னுடையதையும் விற்றேன்.
விரல் நடுங்கவில்லை.
அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இன்னும் இறங்கும், அடியில் பிடிக்கலாம் என்று
காத்திருந்தேன்.
ஏறியது.
பொய் ஏற்றம் என்றேன்.
மறுபடி ஏறியது.
ஒரு வெள்ளிக்கிழமை
சந்தை விழ வேண்டுமென்று
கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொண்டேன்,
ஊரில் எத்தனை பேர் காசு
அதில் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே.

உண்ணாமலை டீச்சர் மட்டும் கூப்பிடவே இல்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
அவரால் எங்களுக்குக் கிடைத்த தரகு
ஒரு வாரத்து டீச்செலவு.
ஏசி ஓடுவது அடைக்கப்பன் புண்ணியத்தில்.

அடுத்த வருடம் முகவரி மாற்ற வந்தார்,
கல்லலிலிருந்து கோவிலூருக்கு.
கணக்கைத் திறந்து திரையைத் திருப்பினேன்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.
"கூடியிருக்கா?"
"போட்டதுபோல ஏழு மடங்கு, டீச்சர்."
"அப்ப இருக்கட்டும்."

பட்டியலின் கடைசி வரியில்
ஒரு நூற்பாலை.
எப்போதோ மூடியது, ஆறு பைசா தேறாது.
இதை ஏன் வைத்திருந்தீர்கள் என்றேன்.
"விக்கணும்னா உங்க படி ஏறணுமே."

முழங்கால் வலியை ஞானம் என்று
நான் எழுதப்போவதில்லை.
ஆனால் எனக்கு அந்த வசதியும் இல்லை;
நான் மாடியிலேயே இருப்பவன்.

அன்று ஞாயிறு, வீட்டு மொட்டைமாடியில் கூழ்வற்றல்.
மேகம் கறுத்ததும் அள்ளினேன்.
வெளுத்ததும் பரப்பினேன்.
திரும்ப அள்ளினேன்.
மழை வரவேயில்லை.
சாயங்காலம் மனைவி ஒன்றை எடுத்து
ஒடித்துப் பார்த்தாள்.
வளைந்தது.
என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள். ஒன்பது பதினைந்து.
கீழே மில் ஓடத் தொடங்குகிறது.
தூசைத் துடைத்துவிட்டு உட்கார்கிறேன்.
இன்றைக்குக் கொஞ்சம் இறங்கினால்
வாங்கிவிடுவேன்.