மடிப்புக் கோடு

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் பக்கம் ரெண்டு ரூபாய்.
டவுன் பஸ் மேப் மட்டும் ஐந்து.
மீதி மூன்று, தேடி வைத்ததற்கு
என்பார் இக்ராம் பாய்.

அசல் எங்களிடம் இல்லை.
நகலின் நகலின் நகல்.
பாலாறு இளநீலத்தில் இருந்ததாம்.
இளநீலம் மெஷினுக்குக் கண் தெரியாது.
முதல் நகலிலேயே ஆறு போய்விட்டது,
யாரும் கேட்கவில்லை.

பதிலுக்கு ஒரு கோடு வந்து சேர்ந்தது.
எவரோ நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்த தடம்,
காட்பாடியில் தொடங்கி
கோட்டையைப் பிளந்துகொண்டு
ஓட்டேரிப் பக்கம் இறங்கும்.
நல்ல தடிமன். இந்த ஊரில் எந்தத் தெருவும்
அவ்வளவு நேராகப் போனதில்லை.
"இது எந்த ரோடு?" என்று விரல் வைப்பார்கள்.
மடிப்புக்கு இந்தியில் என்ன வார்த்தையோ,
பதினோரு வருஷமாகக் கேட்டு வைக்கவில்லை.
வேறு தாளை மடித்துக் காட்டுவேன்.

தை பிறந்ததும் சாலையைத் தோண்டினார்கள்.
பதினாலு பாகாயம் போவது நின்றது,
தொரப்பாடியோடு திரும்பிவிடும்.
ஒன்பது நேற்று டீக்கடை முன்னால் நின்றது,
இன்றைக்கு பேங்க் வாசல்,
நாளைக்கு டிரைவர் மனசு.
நிழற்குடையில் ஒட்டிய பெரிய மேப் அப்படியே இருந்தது.
'நீங்கள் இங்கே' என்ற சிவப்புப் புள்ளி
விரல் பட்டுப் பட்டு வெள்ளையாகி
நீங்கள் எங்கேயும் இல்லை.

நானும் மாற்றவில்லை.
நூறு பிரதி போட்டு ரப்பர் மாட்டி வைத்திருந்தது.
"தீரட்டும்மா" என்றார் பாய்.
தீர்ந்துகொண்டிருந்தது,
ஐந்து ஐந்தாக.

மாசிக் கடைசியில் அவர் வந்தார்.
ஆதார் நகல் எடுத்தபோது பார்த்த பெயர், பரிதோஷ்.
மால்டா பக்கம். தம்பிக்கு ரத்தத்தில் ஏதோ.
நான் விற்ற தாளைப் பிரித்து
கவுன்ட்டரில் நீவி வைத்தார்.
சண்டைக்குத்தான் என்று
சில்லறை டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வலி, டோக்கன், நாளைக்கு, சாப்ட்டாச்சா:
ஆஸ்பத்திரி கற்றுக்கொடுத்த நாற்பது தமிழ்ச் சொற்களை வைத்து
மெதுவாகச் சொன்னார்.
பாகாயத்தில் ஒரு காலேஜ் பையன்
ரத்தம் தர ஒத்துக்கொண்டிருந்தான்.
கூட்டிவரப் புறப்பட்டவரை
பதினாலு ஜெயில் பக்கத்தில் இறக்கிவிட்டது.
இருட்டில் நடந்து போய்ச் சேர்ந்தபோது
பையன் போய்விட்டான்.
மறுநாள் வேறொருவர் கிடைத்தார்.
கிடைத்தார் என்று சொல்லி முடித்த பிறகுதான்
என் முகத்தைப் பார்த்தார்.

தாள் முழுக்கப் பேனா.
பதினாலு முறிந்த இடத்தில் கம்பி போட்ட ஒரு கட்டம்.
எந்த பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு,
எல்லாம் மேலே கோடிழுத்துத் தொங்கவிட்ட
வங்காள எழுத்தில்.
மடிப்புக் கோட்டின் மேல் மூன்று பெருக்கல் குறி.
வடக்கே அலை அலையாக எதுவோ.
"நதி" என்றார்.
தண்ணீரைப் பார்த்து வரைந்ததில்லை.
அவ்வளவு நீளப் பாலம் இருந்தால்
கீழே நதி இருந்தாக வேண்டும் அவர் ஊரில்.

"அக்கா, இது போடு. புதுசு வர்ற ஆளுக்கு."

மீதியிருந்த கட்டைக் கிழித்து
பொட்டலம் கட்ட வேர்க்கடலைக்காரருக்குக் கொடுத்தேன்.
மெஷினில் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் ஒரு தரம் போய் வந்தது.
கருநீலம், விழுந்துவிட்டது.
சூடாக வெளியே வந்த தாளில்
ஆறு இருந்தது.

நேற்று அணைக்கட்டிலிருந்து வந்த பெண்
"பதினாலு எங்கம்மா நிக்குது இப்போ?" என்றாள்.
தாளை எடுத்துப் பார்த்தேன்.
பிறந்து வளர்ந்த ஊர்.
ஒரு எழுத்து தெரியவில்லை.
லாட்ஜ் மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாளைக்
கைதட்டிக் கூப்பிட்டேன்.
ஈரக் கையோடு இறங்கி வந்து
விரல் வைத்து வாசித்தார்.
ஒரு சொட்டு விழுந்தது,
ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி.