அரைச் சவர்க்காரம்

மேவிஸ் ஹார்க்கெற்,
நீங்கள் செத்துப்போனதைக்
கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்று
கடைசிச் சொட்டு டேற்றாவில் வாசித்தேன்.
தொண்ணூற்றொரு வயது. கடலோர ஊரொன்றில், நித்திரையில்.
நாற்பத்துமூன்று படம், ரீவியில் ஒன்பது வருசம்
வாடகை கேட்டுக் கதவு தட்டுகிற வீட்டுக்காரி.
ஒன்றிலும் கதாநாயகி இல்லையென்று
எழுதியிருந்தார்கள்.

அது பொய்.

தொண்ணூற்றேழில், மல்லாவியில்,
அருமைநாயகத்தாரின் கிடுகுக் கொட்டிலில்
உங்களுடைய கசெற் ஒன்று இருந்தது.
இடம்பெயரும்போது எவரோ
தையல் மெசினை விட்டுவிட்டு
உங்களைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.
ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய்,
உசுப்ப ஒரு மூடி பெற்றோல்.
ஆளுக்கு ஐந்து ரூபா, இல்லாவிட்டால் ஒரு சுண்டு நெல்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலால்
தமிழில் கத்திச் சொல்ல ஆள் தேவைப்பட்டது.
ஓ.எல்லில் ஆங்கிலம் சித்தியென்று என்னைப் பிடித்தார்கள்.
வெறும் 'எஸ்' தான். அதை எவரும் கேட்கவில்லை.
காட்சிக்கு அரைக்கட்டி சவர்க்காரம்.

கதாநாயகன் மீசைக்குள்ளே பேசினான்.
கதாநாயகி மூக்கால்.
என்ன சொன்னார்களென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
நீங்கள் தட்டத்தோடு உள்ளே வந்து
சுவரைப் பார்த்து, பூனையைப் பார்த்து,
பிறகு எங்களைப் பார்த்தீர்கள்.
எனக்கு முழுதாய் விளங்கிய வசனம் அதுதான்.

"அவை தங்கட பாட்டில கதைக்கட்டும்,
இந்த மனிசி என்ன நினைக்குதெண்டு சொல்லுறன்."

நீங்கள் நினைத்தீர்கள்:
துரைக்கு முட்டை வேணுமாம்,
நிவாரண அட்டையில முட்டை எங்க கிடக்கு?
நீங்கள் நினைத்தீர்கள்:
பதினெட்டு அறை வீடு,
ஒரு பங்கர் வெட்ட இடமில்லை.
படியில் வழுக்கி விழுந்தீர்களே,
அது வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்த சந்தோசத்தில்.
மருத்துவிச்சி பூரணம்
வாங்கிலிருந்து விழுந்தே விட்டாள்.

நாலாம் காட்சியில் கிபிர் வந்தது.
எஞ்சினை நிற்பாட்டினார்கள்.
நீங்கள் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போனது.
பங்கருக்குள் இருபது பேர்,
ஒருத்தரின் மூச்சை மற்றவர் விட்டுக்கொண்டு.
முதல் குண்டு யோகபுரப் பக்கம்.
தலையில் மண் கொட்டியது.
இருட்டுக்குள் ஒரு பொடியன்,
"அக்கா, அந்த மனிசி தட்டத்தோட
இப்ப எங்க நிக்குது?"
"குசினி வாசலில. பூனை காலுக்கை."
"பிறகு?"

பிறகு, மேவிஸ்,
நீங்கள் நடிக்காத ஒரு மணித்தியாலம் நடித்தீர்கள்.
துரையைக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க விட்டீர்கள்.
கதாநாயகியைச் சீனி வரிசையில்
கடைசி ஆளாய் நிறுத்தினீர்கள்.
மீசையை வழித்துப் பூனைக்கு ஒட்டினீர்கள்.
இரண்டாம் குண்டுக்குப் பின்
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஆனாலும் "பிறகு?" என்று கேட்டார்கள்.

யோகபுரத்தில் ஆறு பேர்.
அன்றைக்குப் படம் முடியவில்லையென்று
அருமைநாயகத்தார் எனக்குக்
கால்கட்டிதான் வெட்டித் தந்தார்.
தலையிலிருந்த மண்ணை அதில்தான் கழுவினேன்.

இன்றைக்கு அந்தத் துண்டு கைபேசியில் கிடைத்தது.
அதே தட்டம். அதே பூனை.
துரையிடம் நீங்கள் வாய் திறக்கிற இடம்,
நான் மூன்று நிமிசம் மொழிபெயர்த்தது.
கீழே எழுத்து ஓடுகிறது, ஒரே ஒரு வரி:
தேத்தண்ணி ஆறிப்போச்சு, ஐயா.

அவ்வளவுதானா, மேவிஸ்?

பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்றவர்
நான் சிரித்த சிரிப்புக்கு
இரண்டடி தள்ளி நின்றார்.

பதினொரு காட்சி போட்டோம்.
கணக்குப் பார்த்தால் ஐந்தேகால் கட்டி சவர்க்காரம்,
பாதி உங்களுக்குச் சேரவேண்டியது.
முல்லைத்தீவு பஸ் உறுமுகிறது.
டேற்றாவும் முடிகிறது.
பிறகு கதைப்போம்.