உருப்படி

வாத்தியங்கள் சும்மா இருக்கும்போது
வாசிப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை.
வவுச்சரில் அப்படி எழுத மாட்டார்கள்.
'சவுண்ட்' என்று ஒரு சொல், எதிரே மூவாயிரம்.

முதல் சேனல் டெரிக். பேஸ் கிட்டார்,
பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு.
தொடங்குமுன் மைக்கில் எண்ணுவார்:
ஒன், டூ, ஒரு மூக்குறிஞ்சல், ஃபோர்.
மூன்று என்றைக்கும் சளியோடு போய்விடும்.
மற்றவர்கள் மூச்சு எடுப்பது
அந்த உறிஞ்சலில்தான்.
இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை,
சொன்னால் மருந்து சாப்பிட்டுவிடுவார்.

இரண்டில் கோதாவரி.
வளையலைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்.
பிறகும் வயலினுக்குள் ஏதோ கிணுங்கியது.
தாலிச் சரட்டில் இரண்டு ஊக்குகள்.
"இதையும் கழற்றச் சொல்லுங்க பார்ப்போம்."
நான் சொல்லவில்லை.
மேல்ஸ்தாயியில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினேன்,
இரண்டு ஊக்குகள் விழும் அளவுக்கு.

மூன்றும் நான்கும் ஹபீபுல்லாவின் புல்புல்தாரா.
பகலில் ஹைகோர்ட் எதிரே பத்திரம் அடிக்கிறார்,
மேற்படி சொத்தின் நான்கு எல்லைகளையும்.
இரவில் அதே விரல்கள், அதே போன்ற கட்டைகள்.
தந்தி ஒரு சேனல், கட்டையின் தடதடப்பு ஒரு சேனல்.
தடதடப்பைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு.
நான் குறைப்பதில்லை.
"இதுல தப்படிச்சா ஒயிட்னர் கிடையாது தம்பி" என்பார்.

ஆறில் ஜெபசீலன், கீபோர்ட்.
நேரடி ஒயர், மைக் இல்லை.
ஆகையால் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தை விட்டுவிட்டேன்.
ஐந்தில்தான் தகராறு.

நான்கு மணி நேரம் ஏ.சி.யில் கிடந்த பறை
நனைந்த அட்டைப் பெட்டியாகப் பேசியது.
முனிரத்தினம் இரண்டு விரலால் தட்டினார்,
கூடத்தின் கடைசியிலிருந்த என்னைப் பார்த்தார்.
ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
மேனேஜர் கூரையைக் காட்டினார்:
புகை பட்டா தண்ணி கொட்டும்.
வாசலில் கொளுத்தலாமா? கார் நிற்கும் இடம்.
பின்னால்? டிரான்ஸ்ஃபார்மர்.
"எலக்ட்ரிக்ல வேற டிரம் எதுவும் இல்லையா?"
இதற்கு முனிரத்தினம் பதில் சொல்லவில்லை.
அந்தப் பதிலும் ஐந்தாவது சேனலில் வந்தது.

ஆறரைக்குக் கச்சேரி. மணி ஆறு இருபது.
பறையைக் கக்கத்தில் இடுக்கி
ஆழ்வார்பேட்டைச் சந்துக்குள் அவர் நடக்க,
பின்னால் மூன்று பேர்.
மைக் இல்லாத இடத்தில் நடந்தது
ஹபீபுல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
முனையில் இஸ்திரி வண்டி,
கரி கனிந்திருந்த பெட்டி.
இஸ்திரிக்காரர் தலை நிமிராமல் கேட்டாராம்:
காட்டனா, பாலியஸ்டரா?
மாட்டுத்தோல்.
அப்ப சூடு தாங்கும், குடுங்க.

மூடியைத் திறந்துவைத்து
அனலுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள்.
சுரக்குறிப்புத் தாள்களால் கோதாவரி விசிறினார்.
டெரிக் யாருடைய பள்ளிச் சீருடையோ
சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் திரை தூக்கிவிட்டார்கள்.
நாலு நாற்காலி காலி.
ஜெபசீலன் ஒரே ஒரு சுரத்தை அழுத்தி
விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.
பதினெட்டு நிமிடம்.
யாரும் இருமவில்லை.
நான் அந்த ஃபேடரிலிருந்து கையெடுக்கவில்லை.
மற்றவர்கள் வியர்வையோடு வந்து உட்கார்ந்தபோது
முதல் உருப்படி முடிந்ததென்று நினைத்து
சபை கைதட்டியது.
அவன் காது சிவந்ததை
எந்த ஒயரும் எனக்கு அனுப்பவில்லை, கண்ணால் பார்த்தேன்.

ஒன், டூ, உறிஞ்சல், ஃபோர்.
முனிரத்தினத்தின் முதல் அடியில்
மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.
இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை.

இடைவேளையில் தோல் மறுபடி தளர்ந்தது,
மறுபடி சந்துக்கு ஓட்டம்.

மறுநாள் கணக்குப்பிள்ளை வவுச்சரோடு கூப்பிட்டார்.
"இஸ்திரி, ரெண்டு உருப்படி, இருபத்துநாலு ரூபா.
யாரோட சட்டை இது?"
மேசையில் தட்டிக் காட்டினேன்.
அவருடைய மேசை தேக்கு, நன்றாகவே பேசியது.
ஆனாலும் பில் கேட்டார்.