பிறழ் சாட்சி

காற்றாலையின் நிழல் ஒரு சுற்று வந்து
என் தொப்பியைத் துடைத்துவிட்டுப் போகிறது.
ராதாபுரத்துச் செம்மண்ணில்
ஒரு சாண் கல்மேல் ஏறி நின்று
தொண்டையை விரிக்கிறான்:
நீலம், கறுப்பு, ஓரத்தில் ஆரஞ்சு.
மூடிக்கொண்டால் வெறும் புழுதி.

நம்பியாற்றுக்குத் தெற்கே இவன்.
வடக்கே நாங்குநேரிப் பக்கத்துச் சரளைமேட்டில்
இதே நீளம், இதே கோபம்,
ஆரஞ்சு மட்டும் இல்லை.
ஆறு என்று சொல்வது மரியாதைக்கு.
பங்குனியில் அதற்குள் கிடப்பது
மணலும் உடைமரமும் ஒரு டிராக்டர் தடமும்.
ஓணான் நடந்தே கடக்கலாம்.
கடக்கிறதா என்பதுதான் வழக்கு.

முதல் சாட்சி செதில்.
லென்சைக் கண்ணில் செருகிக்கொண்டு
எழுபத்திரண்டு முதுகுகளை எண்ணினேன்.
தெற்கே ஐம்பத்திரண்டு, வடக்கே நாற்பத்தெட்டு.
ஐம்பது உள்ளவர்கள்
எந்தப் பக்கமும் பேசவில்லை.

அடுத்தது ஆட்டம்.
ஜெபக்கனி கொதிக்கிற மண்ணில் குப்புறக் கிடந்து எடுத்த வீடியோவில்
தெற்கத்தியான் மூன்றுமுறை தலையாட்டிவிட்டு விசிறியைத் திறக்கிறான்,
வடக்கத்தியான் திறந்துவிட்டுத்தான் ஆட்டுகிறான்.
கைதட்டினோம். இரண்டு இனம்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பெயர்கூட எழுதிவிட்டாள் அவள்.

தாய்வழி மரபணு கூண்டேறி
நூற்றுக்கு ஆறு வித்தியாசம் என்று
சத்தியம் பண்ணிவிட்டு இறங்கியது.

முழு மரபணு எட்டு மாதம் கழித்து வந்தது.
வந்து, பிறழ்ந்தது.
ஆற்றோரம் பிடித்த பதினோரு பேரில்
பாதி இந்தக் கரை, பாதி அந்தக் கரை,
ஒரே உடம்புக்குள்.
ஒரு தலைமுறைச் சங்கதி இல்லை.
யார் போனார், எந்த ராத்திரி, எந்த வெயில்?
மணல் ஒரு சுவடும் வைத்திருக்கவில்லை.

அன்று சாயந்திரம் சங்கரபாண்டி கடையில்
டப்பாவுக்குள் இருந்த இருவரையும் எட்டிப் பார்த்து
"ரெண்டும் ஒரே சாதியா டீச்சர்?" என்றார்.
வேறெதுவும் நினைத்துக் கேட்கவில்லை.
நெல்லுக்கும் மீனுக்கும் மாட்டுக்கும்
நாம் சொல்கிற சொல்தான்.
என்றாலும் பெஞ்சில் பேச்சு நின்றது.
மைதீன் பிச்சை ஜீப் சாவியைத் துடைக்க ஆரம்பித்தார்.
பள்ளிக்கூடம் விட்டு வந்து
வடை தின்றுகொண்டிருந்த பையன்
மணிக்கட்டைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டான்.
கயிற்றின் நிறத்தைப் பார்த்துவிட்டேன்.
பார்த்ததை எல்லாம் குறித்துவைப்பவள்தான் நான்.
அதைக் குறிக்கவில்லை.

"இன்னும் தெரியல அண்ணாச்சி."
"அஞ்சு வருசமா பாத்துமா?"
"ஆமா, அஞ்சு வருசமா பாத்தும்."
சிரித்தார். டீ ஆறியிருந்தது.
பையன் காசு வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சித்திரையில் ஆற்றுக்கு நடுவே
முழங்கால் உயரத்துக்கு வலைவேலி கட்டி
ஒருத்தியை விட்டோம்.
விசிறி கிடையாது, நிறம் கிடையாது,
என் குறிப்பேட்டில் பெண், நாற்பத்துமூன்று.
இத்தனை நாள் இவளை யாரும்
சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கவில்லை.

இந்தக் கல்லில் ஒருவன் ஆட்டிவிட்டுத் திறந்தான்.
அந்தக் கல்லில் ஒருவன் திறந்துவிட்டு ஆட்டினான்.
ஜெபக்கனி மூச்சை அடக்கிக்கொண்டு படம்பிடித்தாள்.
நாற்பத்துமூன்று இருவரையும் பார்த்தாள்.
ஒரு கறையானைத் தின்றாள்.
இன்னொன்றையும் தின்றாள்.
பிறகு வேலியில் நாங்கள் கவனிக்காத கிழிசல் வழியே
வெளியே போனாள்.

போன திசை கிழக்கு. கடல் பக்கம்.
வடக்குமில்லை தெற்குமில்லை.

ஜெபக்கனி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.
அழிக்கவில்லை.
பேனாவால் எழுதியிருந்த பெயருக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.