என் முதுகில் ஒரு வரி

குத்தாயிசிப் பள்ளியில் கடைசிமணி ஆச்சு;
வெள்ளைச் சட்டையெல்லாம் வெறுந்தாளாய்ப் போச்சு.

நெட்டைக்கால் நுக்ரி நிலைப்படியில் இடிப்பான்,
முட்டிய கதவுக்கு முத்தமும் கொடுப்பான்.

மக்வலா வாய்திறந்தால் மணிமூன்று தாண்டும்,
பக்கத்து வகுப்புக்கும் பஞ்சு காதில் வேண்டும்.

சோத்னேவின் பைக்குள்ளே புத்தகம் ஏது?
கச்சாபுரி ரொட்டி மணக்காத நாளேது?

ஸ்வியாத் உதைத்த பந்து ரியோனி ஆற்றில் விழுந்தது,
இந்நேரம் கருங்கடலில் கோலாகி முடிந்தது!

எல்லார்க்கும் எழுதினேன், எதுகைக்கா பஞ்சம்?
என் முதுகில் எத்தேரி கிறுக்கினாள் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து
சட்டையைக் கழற்றித்தான்
படிக்க முடிந்தது:

"நாலு வருஷமாய் நீ எழுதுவது
என் பேனா, போந்தோ.
மூடி இன்னும் என்னிடம்தான்.
வந்து வாங்கிக்கொள்."

விடியப் போகிறது.
இதற்கு மட்டும்
ஓர் எதுகையும் அகப்படவில்லை.